ராகு காலத்தில் வந்த ஈமெயில்

1

இன்று புரட்டாசி முதல் சனிக்கிழமை. விடியற்காலையிலேயே சிராங்கூன் சாலைப் பெருமாளைச் சேவித்துவிட்டு வந்து, வீட்டில் தளிகை போட்டு, கோவிந்த நாமம் சொல்லி, இலையில் கை வைத்தும் ஆயிற்று. சிங்கப்பூரில் வாழையிலை கடையில்தான் கிடைக்கும். துண்டு துண்டாக நறுக்கிப் பிளாஸ்டிக் பையில் போட்டு விற்பார்கள். அந்தத் துண்டு இலைக்குப் பக்கத்தில் கம்பெனி கொடுத்த போன் மூடிக் கிடந்தது. என் மனைவி செண்பகம் அதைப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டாள்.

"போன வருசம் இந்நேரம் இது நம்மளப் படுத்துன பாடு! ஊருக்கு எழுதுங்க எழுதுங்கன்னு எம்புட்டு நாளாச் சொல்லுதேன். நம்ம பேண்டேஜ் துணிக்கு என்ன கதி வர இருந்துச்சுன்னு அங்க உள்ளவியளுக்கும் தெரியட்டும்."

அதனால் உட்கார்ந்துவிட்டேன். நான் பதினொன்றாம் வகுப்போடு நின்றவன். கட்டுரை எழுதிப் பழக்கமில்லை. நடந்ததை நடந்தபடி சொல்லத் தெரியும், அவ்வளவுதான்.

முதலில் அந்தப் போனைப் பற்றிச் சொல்லவேண்டும். ஊரில் இன்னும் யாரும் பார்த்திருக்க மாட்டீர்கள். மூடியிருந்தால் சாதாரணக் கைப்போன்தான், கொஞ்சம் கனமாக, அரைச் செங்கல் மாதிரி இருக்கும். நீளவாட்டில் திறந்தால் புத்தகம்போல விரியும். மேல் பக்கம் முழுக்கத் திரை, கீழ்ப் பக்கம் தட்டச்சு எழுத்துகள். ஒவ்வொரு எழுத்தும் உளுந்தம்பருப்பு அளவு. அதிலிருந்து ஈமெயில் அனுப்பலாம், வந்ததைப் படிக்கலாம், பேக்ஸ்கூட அனுப்பலாம். பஸ்ஸில் நின்றபடியே ஜகார்த்தாவுக்கு விலை எழுதலாம். பெரிய பெரிய கம்பெனிகளின் மேலாளர்கள்தான் வைத்திருப்பார்கள். பேண்டேஜ் துணி வாங்கி விற்கிற எங்கள் கம்பெனியில் அது என் கைக்கு வந்தது தொண்ணூற்றெட்டு ஆவணியில்.

2

எண்பதுகளில் நான் ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் ஏற்றுமதி அலுவலகத்தில் டெலக்ஸ் அடிப்பவனாக இருந்தேன். டெலக்ஸ் என்றால் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. பெரிய தட்டச்சு இயந்திரம் போல இருக்கும். செய்தியை அடிக்க அடிக்க ஒரு காகித நாடாவில் ஓட்டை ஓட்டையாக விழும். லைன் கிடைத்ததும் அந்த நாடாவை ஓடவிட்டால் செய்தி கடல்தாண்டிப் போய்விடும்.

எங்கள் முதலாளி, வீட்டில் தெலுங்கும் அலுவலகத்தில் தமிழும் பேசுகிறவர். ராகு காலத்தில் எந்த வியாபாரத்தையும் தொடங்கமாட்டார். ஆனால் வெளிநாட்டுக்காரன் நம் பஞ்சாங்கம் பார்த்தா லைனில் வருவான்? அதற்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். செவ்வாய்க்கிழமை என்றால் மூன்று மணிக்கு முன்னாலேயே என் மேசைக்கு வந்துவிடுவார்.

"ஏலே அழகரு, மணி என்னாச்சு? இன்னும் நாடா போடலியா? தலப்பையாவது அடிச்சு மாட்டுலே. தொடங்கிட்டோம்னா பொறவு ராகு என்ன பண்ணுவான், கேது என்ன பண்ணுவான்?"

தலைப்பை மட்டும் நல்ல நேரத்தில் அடித்து, நாடாவை ஆணியில் மாட்டிவிடுவேன். மீதிச் செய்தியை எந்த நேரத்தில் அடித்தாலும் அது தொடர்ச்சிதானே தவிர, தொடக்கம் இல்லை. பயணத்துக்குப் பரஸ்தானம் வைப்பார்களே, அதே கணக்கு. ராகு காலத்தில் பஸ் ஏறவேண்டி வந்தால், அதற்கு முன்னால் நல்ல நேரத்தில் ஒரு பையை மட்டும் கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டில் வைத்துவிடுவோம். பயணம் அப்போதே புறப்பட்டாயிற்று.

பெருமாள் புண்ணியத்தில் அந்த நாடாவில் போன எந்தச் சரக்கும் திரும்பி வந்ததில்லை.

3

அதே டெலக்ஸ் வழியாகப் பழக்கமான சிங்கப்பூர் கம்பெனிதான் என்னை எண்பத்தேழில் இங்கே கூப்பிட்டது. ராஜபாளையம், சத்திரப்பட்டிப் பக்கத்திலிருந்து பேண்டேஜ் துணி வாங்கி, அக்கம்பக்கத்து நாடுகளின் மருத்துவமனைகளுக்கு விற்கிறவர்கள். அந்தக் கொள்முதல் முழுக்க என் பொறுப்பு.

வந்த புதிதில் பட்ட பாடு கொஞ்சமில்லை. குடிநுழைவு அலுவலகத்தில் "குடும்பப் பெயர்?" என்று கேட்டார்கள். எனக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பா பெயர் திருவேங்கடம் என்றேன். அன்றிலிருந்து இந்த நாட்டில் நான் மிஸ்டர் திருவேங்கடம். அழகர்சாமி என்ற பெயர் வீட்டுக்குள் மட்டும்தான். தந்தி வந்தாலே கை நடுங்குகிற என் தகப்பனார் பெயரில்தான் இன்று ஈமெயில் வருகிறது.

பேச்சிலும் வழுக்கல். முதல் வாரத்தில் ஒருநாள் சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போது, நம் வழக்கப்படி "போய்விட்டு வருகிறேன்" என்பதை அப்படியே ஆங்கிலத்தில் பெரிய முதலாளியிடம் சொல்லிவிட்டு வந்தேன். சீனப் பெரியவர். நான் திரும்பி வருவேன் என்று கடையைச் சாத்தாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாராம். மறுநாள் திட்டவில்லை. "நீங்கள் போனால் போய்விட்டேன் என்று சொல்லுங்கள்" என்றார். எனக்கு இன்றுவரை அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

ஆனால் பெரிய சிக்கல் ராகு காலத்தில் இருந்தது. சிங்கப்பூரில் சூரியன் உதிக்கவே ஏழு மணி ஆகும். அதனால் இங்கே அச்சடிக்கிற நாட்காட்டியில் ராகு காலம் ஒரு மணி நேரம் தள்ளி இருக்கும். எதைப் பார்ப்பது என்று பெருமாள் கோயில் பட்டரிடம் கேட்டேன். "நீர் நிற்கிற இடத்துச் சூரியன்தான் கணக்கு" என்றார். சத்திரப்பட்டியில் தறி வைத்திருக்கிற என் மச்சான் குருசாமி, செண்பகத்தின் அண்ணன், அவரிடம் கேட்டேன். "சரக்கு எங்கேருந்து கெளம்புதோ அந்த எடத்துக் கணக்குதான் மாப்ளே" என்றார்.

இரண்டு பேர் சொல்வதையும் தள்ள முடியவில்லை. இரண்டையும் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை இங்கே நான்கிலிருந்து ஐந்தரை. ஊரில் மூன்றிலிருந்து நாலரை. அது இங்கே ஐந்தரையிலிருந்து ஏழு. ஒன்று முடிகிற இடத்தில் மற்றொன்று தொடங்கிவிடும். எல்லாக் கிழமையும் இப்படித்தான். ஆக, தினமும் மூன்று மணி நேரம் நான் புது விஷயம் எதையும் தொடங்குவதில்லை.

பேக்ஸ் இருந்தவரை ஒரு தொந்தரவும் இல்லை. காகிதம் வந்து விழும். நேரம் கழிந்ததும் பதில் போடுவேன். லைன் கிடைக்கவில்லை என்று எல்லாரும் நினைத்துக்கொள்வார்கள். பெரிய முதலாளி ஒன்றும் கேட்டதில்லை. சீனப் புத்தாண்டு முடிந்து கடை திறக்க அவரே அவர்கள் பஞ்சாங்கத்தில் நேரம் பார்ப்பவர்.

4

பெரியவர் ஓய்வு எடுத்துக்கொண்டு மகன் பொறுப்புக்கு வந்தார். வெளிநாட்டில் படித்தவர். கெட்டவர் இல்லை, வேகமானவர். வந்ததும் மேசைக்கு மேசை கணினி, அப்புறம் பேஜர், அப்புறம் இந்த விரிகிற போன். என் கையில் கொடுத்து, "மிஸ்டர் திருவேங்கடம், இனிமேல் நீங்கள் இருக்கிற இடம்தான் அலுவலகம்" என்றார்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் என் மகள் கோதைக்கு ஒரே ஆச்சரியம். உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறாள். நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். அப்படித்தான் எங்கள் வீட்டுப் பேச்சு ஓடுகிறது. ஸ்ரீவில்லிபுத்தூர்த் தாயார் பெயரை ஆசையாக வைத்தோம். தோழிகள் அதைச் சுருக்கி "கோ" என்கிறார்கள். அவளும் திரும்பிப் பார்க்கிறாள். போனை விரித்து மடக்கிப் பார்த்துவிட்டு, "அப்பா, இனிமேல் நீங்க லீவு எடுத்தாலும் லீவு இல்ல" என்று அதிசயமாகத் தமிழில் சொன்னாள்.

எனக்குத் தெரியாத ஒன்று அதில் இருந்தது. ஒரு ஈமெயிலை நான் எப்போது திறந்தேன், எப்போது பதில் போட்டேன் என்ற இரண்டும் சின்ன முதலாளியின் கணினியில் போய் விழுந்துவிடும். ஒரு மாதம் பார்த்துவிட்டு என்னை அறைக்குள் கூப்பிட்டார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

"திங்கட்கிழமை காலையில் உங்களைக் காணவில்லை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் காணவில்லை. வெள்ளிக்கிழமை மதியம் காணவில்லை. ஈமெயிலைத் திறக்கிறீர்கள், படிக்கிறீர்கள், மூன்று மணி நேரம் சும்மா இருக்கிறீர்கள். வேறு எங்கேயாவது வேலை பார்க்கிறீர்களா?"

இத்தனை வருடத்தில் என்னை அப்படி ஒருவர் கேட்டதில்லை. மறைக்க ஒன்றும் இல்லை என்று ராகு காலத்தைச் சொன்னேன். இரண்டு ஊர்ச் சூரியனையும் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"இரண்டு ஊருக்குமா? ஒன்றையாவது விடக்கூடாதா?"

"எதை விடுவது என்று தெரியவில்லையே, சார்."

"எனக்கு உங்கள் நம்பிக்கையில் தலையிட விருப்பம் இல்லை. ஆனால் சீனாவில் ஓர் ஆலை இருக்கிறது. கேட்ட நிமிடத்தில் பதில் போடுகிறார்கள். ஜகார்த்தாவிலிருந்து வருடாந்தர மருத்துவமனை ஆர்டர் வரப்போகிறது. வாங்குபவர் ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் கேட்பார். யாருடைய பதில் அவருக்குப் பிடிக்கிறதோ, இனிமேல் நம் கொள்முதலும் அந்தப் பக்கம்தான். இரண்டு இடத்தில் வாங்க எனக்குக் கட்டாது."

என்ன சொல்கிறார் என்று புரிந்தது. என் வேலை போவது ஒரு பக்கம். சாமான் கிடங்கில் வேறு வேலை ஏதாவது கிடைக்கும். ஆனால் எங்கள் கம்பெனித் துணியை மட்டும் நம்பிச் சத்திரப்பட்டியில் மச்சானோடு சேர்த்து ஒரு தெருவே தறி ஓட்டுகிறது. நாங்கள் நிறுத்தினால் அந்தத் தெருவில் சத்தம் நின்றுவிடும்.

எங்கிருந்து துணிச்சல் வந்ததோ தெரியவில்லை. எழுந்து நின்று சொன்னேன்: "சார், அந்த நேரத்தில் புதிதாக ஒன்றைத் தொடங்கமாட்டேன். அது என் பெருமாள் விஷயம். ஆனால் இனிமேல் உங்களை ஒரு பதிலுக்கும் காக்கவைக்கமாட்டேன். அது உங்கள் விஷயம்."

"இரண்டும் எப்படி முடியும்?"

"அது என் பொறுப்பு."

5

ரயிலில் வீட்டுக்கு வரும்போது கைப்பிடியைப் பிடித்து நின்றபடி யோசித்தேன். ஈமெயிலில் ஒரு செய்திக்குப் பதில் போட்டால் பழைய செய்தி அடியிலேயே ஒட்டிக்கொண்டு போகிறது. அதற்கு மேல் பதில், அதற்கு மேல் பதில் என்று வால் மாதிரி நீளும். இதுவும் ஒரு நாடாதானே! தலைப்பை நல்ல நேரத்தில் அடித்து மாட்டிவிட்டால் போதாதா? இத்தனை நாள் இது எனக்குத் தோன்றவில்லையே என்று தலையில் அடித்துக்கொண்டேன். பக்கத்தில் நின்ற சீனத்து அம்மாள் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார்.

மறுநாள் காலையில் குளித்து, விளக்கேற்றி, பெருமாள் படத்துக்கு முன்னால் போனை விரித்தேன். ஜகார்த்தாக்காரருக்கு ஓர் ஈமெயில், மச்சானுக்கு ஒரு பேக்ஸ். சும்மா வணக்கம் மட்டும் எழுதினால் அது ஏமாற்று. இன்றைக்குக் கைவசம் என்ன துணி இருக்கிறது, தூத்துக்குடியில் அடுத்து எந்தக் கப்பல் என்று உள்ள விவரத்தையே எழுதினேன். அன்றாடம் அப்படித்தான். விடிந்ததும் வியாபாரத்துக்குப் பரஸ்தானம் வைத்தாயிற்று. அப்புறம் எந்த நேரத்தில் கேள்வி வந்தாலும் அது தொடர்ச்சி. பதிலை உடனே போட்டேன்.

முதல் பேக்ஸ் கிடைத்ததுமே மச்சான் போன் பண்ணினார்.

"என்ன மாப்ளே, சாமிக்கே கணக்கு காட்டுதீயளோ?"

"இல்ல மச்சான். நம்ம பழைய மொதலாளி நாடாவுல பண்ணலியா? பையக் கொண்டுபோய்ப் பக்கத்து வீட்ல வைக்கோம்லா, அதான் இது."

"கப்பலு, கையிருப்பு, அம்புட்டும் நீங்க எந்த நேரத்துல கேட்டாலும் சொல்லுதேன். ஆனா வெல சொல்றது வேற. அது வாக்கு. அத ராகு காலத்துல என் வாயால சொல்லமாட்டேன். எங்கய்யா சொன்னதில்ல, நானும் சொல்லமாட்டேன்."

அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை. ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டேன். "புரட்டாசி முடியுத மட்டுக்கும் நீங்க எங்க போனாலும், பக்கத்துல உள்ள போன் நம்பரச் சொல்லிட்டுப் போங்க. ஜகார்த்தா என்னைக்கு வரும்னு தெரியாது."

மனிதர் சொன்ன சொல் தவறவில்லை. கல்யாண வீட்டு நம்பர், நூல் கடை நம்பர், ஒருநாள் பல் ஆஸ்பத்திரி நம்பர்கூடக் கொடுத்தார். மூன்றாம் சனிக்கிழமைக்கு, ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்தில் திருவண்ணாமலை என்ற பெயரிலேயே இருக்கிற குன்றுப் பெருமாள் கோயிலில் முடிக்காணிக்கை என்றும், மலையடிவாரத் தேங்காய்க் கடையில் ஒரு எஸ்.டி.டி. போன் இருக்கிறது என்றும் சொல்லி, அந்த நம்பரைக் கொடுத்தார்.

6

ஜகார்த்தா ஈமெயில் அந்த மூன்றாம் சனிக்கிழமைதான் வந்தது.

நானும் செண்பகமும் இங்கே பெருமாள் கோயில் வரிசையில் நின்றோம். சேவித்தபிறகுதான் பச்சைத் தண்ணீர் பல்லில் படும் என்று இருவரும் விரதம். கொடிமரத்தைத் தாண்டியாயிற்று. இன்னும் செத்த நேரத்தில் திருமுகம் தெரிந்துவிடும். மணி பதினொன்று, இங்கே ராகு காலம். இடுப்பில் போன் அதிர்ந்தது.

விரித்துப் பார்த்தேன். மருத்துவமனைகளுக்கு ஒரு வருடத்துக்கான துணி; என்ன விலை, முதல் சரக்கு எந்தக் கப்பலில்; இன்று சிங்கப்பூர் நேரம் ஒரு மணிக்குள் சொல்லவேண்டும். சனிக்கிழமை அரை நாள், அதற்குமேல் அலுவலகம் இல்லை. அதே கேள்வி சீன ஆலைக்கும் போயிருந்தது. அதற்குப் பின்னாலேயே சின்ன முதலாளியிடமிருந்து ஒரே வரி: "இப்போது உங்கள் முறை."

"பெருமாளப் பாக்க வந்தீயளா, போனப் பாக்க வந்தீயளா?" என்றாள் செண்பகம், பல்லைக் கடித்துக்கொண்டு.

"ஜகார்த்தா வந்துட்டுது."

அவள் முகம் மாறியது. தறி ஓடுவது அவள் பிறந்த வீட்டில் அல்லவா? இருந்தாலும் கேட்டாள்: "வரிசைய விட்டா உச்சிக்காலத் திரை போட்டுருவாக. சாயங்காலம் மட்டுக்கும் பட்டினி கிடக்கணும், தெரியும்லா?"

"கிடக்கேன்."

"போங்க, பொறவு என்ன? எங்கண்ணன் தறி ஓடணும். நான் ஒங்களுக்கும் சேத்துச் சேவிக்கேன்."

வெளியே வந்து மலையடிவாரத் தேங்காய்க் கடைக்குப் போட்டேன். கடைக்கார அம்மா எடுத்தார். பின்னால் கோவிந்தா கோஷம் கடலாட்டம் இரைந்தது.

"ஆரு? சிங்கப்பூரா? சத்தமாப் பேசுங்க அண்ணாச்சி! குருசாமியா? இங்க கூட்டத்துல எந்தக் குருசாமியன்னு தேட? நூறு குருசாமி நிக்கான்!"

"சத்திரப்பட்டி குருசாமின்னு மைக்ல சொல்லச் சொல்லுங்கம்மா. புண்ணியமாப் போவும். ஒரு குடும்பம் இல்ல, ஒரு தெருவே பொழைக்கும்."

"தெருவா? சரி, வைங்க. பொறவு போடுங்க."

அரை மணி கழித்து மறுபடி போட்டபோது மச்சான் குரல். மூச்சு வாங்கியது.

"மாப்ளே, என்ன அநியாயம் பண்ணிட்டீய! காணாமப்போன பிள்ளைய கூப்பிடுத மைக்ல எம்பேரச் சொல்லிட்டானுவ. 'சத்திரப்பட்டி குருசாமி எங்கிருந்தாலும் தேங்கா கடைக்கு வரவும், ஒங்களத் தேடுதாக'ன்னு. அம்பது வயசுல தொலஞ்ச பிள்ள ஆயிட்டேன். மொட்டைக்கு உக்காந்தவன் பாதித் தலையோட ஓடியாறேன். வந்த சனம் பூராச் சிரிக்குது."

ஜகார்த்தா சங்கதியைச் சொன்னேன். இங்கே ஒரு மணி என்றால் ஊரில் பத்தரை என்றும் சொன்னேன்.

"அப்பப் பத்தரைக்கு வெல சொல்லுதேன்."

"பத்தரைக்கு அவிய ஆபீஸப் பூட்டிருவாக மச்சான். நான் எழுதி அனுப்ப நேரம் வேண்டாமா?"

"மணி ஒம்பது தாண்டிட்டு. பத்தரை வரைக்கும் ராகு காலம். பெருமாள் சந்நிதிக்கு எதுக்க நின்னுக்கிட்டு அந்த நேரத்துல வாக்குக் குடுக்கச் சொல்லுதீயளா? ஒங்ககிட்ட அன்னைக்கே சொன்னேன்."

இவர் வளைய மாட்டார். என் பெண்டாட்டியின் அண்ணன். நானும் அப்படித்தானே சின்ன முதலாளி முன்னால் நின்றேன்? யாரைக் குறை சொல்ல? பெருமாளே, நீதான் ஒரு வார்த்தை கொடுக்கவேண்டும் என்று கோபுரத்தைப் பார்த்தேன். கொடுத்தான்.

"மச்சான், மொட்டைக்கு எப்ப உக்காந்தீய?"

"ஏன்? ஒம்பதுக்கு முன்னாடியே உக்காந்துட்டேன். நேரம் பாத்துத்தான் தலையில தண்ணி வச்சாக."

"இப்ப ராகு காலம் வந்துட்டு. மிச்சப் பாதிய எறக்காம அப்படியே பஸ் ஏறிருவீயளோ?"

"ஏன் மாப்ளே, பெருமாளுக்குப் பாதித் தல குடுக்கவா நேந்திருக்கேன்?"

"பொறவு? நானும் விடியக்காலத்துலயே வெளக்கேத்திட்டு ஜகார்த்தாவுக்கு எழுதியாச்சு. ஒங்களுக்கும் பேக்ஸ் போட்டாச்சு. இந்த யாவாரத்துக்கும் தலையில தண்ணி வச்சாச்சு மச்சான். மிச்சத்த எறக்குங்க!"

அந்தப் பக்கம் கோவிந்தா, கோவிந்தா என்ற சத்தத்துக்கு நடுவே ஒரு சிரிப்பு. மச்சான் சிரித்தால் தறி ஓடுகிற மாதிரி விட்டு விட்டு வரும்.

"நல்லா மடக்கிட்டீய. எழுதிக்கிடுங்க."

விலையைச் சொன்னார். கப்பலைச் சொன்னார். கடைசியில் ஒன்று சேர்த்தார்: "மலையப் பாத்துச் சொல்லுதேன், கேட்டுக்கிடுங்க. வருசம் முடியுத மட்டுக்கும் இந்த வெலதான். நூல் வெல ஏறுனாலும் மாத்தமாட்டேன். அதையும் எழுதுங்க."

கோயில் வாசலில் நின்று எழுதினேன். உளுந்தம்பருப்பு அளவு எழுத்தில் ஒன்றைத் தொட்டால் இரண்டு விழுந்தது. அழித்து அழித்து எழுதினேன். காலையில் நான் அனுப்பிய செய்திக்கு ஜகார்த்தாக்காரர் போட்டிருந்த பதில் அது. அதற்கு மேலேயே என் பதிலையும் எழுதி அனுப்பினேன். போன் தானாக நம்பர் போட்டு, லைன் பிடித்து, நடுவில் அறுந்தது. தெருவைக் கடந்து எதிர்க் கடை வாசலுக்குப் போய் மறுபடி போட்டேன். போயிற்று.

உள்ளே ஓடினேன். திரை போட்டாகிவிட்டது. செண்பகம் தூணோரம் நின்றிருந்தாள்.

"போச்சா?"

"போச்சு."

"துளசி வாங்கி வச்சிருக்கேன். தீர்த்தம் மட்டும் குடிங்க."

"வேண்டாம். சாயங்காலம் பாத்துட்டுக் குடிக்கேன்."

ஒரு மணிக்குக் கொஞ்சம் முன்னால் போன் மறுபடி அதிர்ந்தது. இந்த முறை சின்ன முதலாளியே பேசினார்.

"சீன ஆலையின் பதில்தான் முதலில் வந்தது, மிஸ்டர் திருவேங்கடம்."

தோற்றோம் என்றே நினைத்துவிட்டேன். அவர் தொடர்ந்தார்.

"ஆனால் அதில் விலை 'பிறகு உறுதி செய்யப்படும்' என்று இருந்தது. உங்களுடையதில் வருடம் முழுக்க மாறாது என்று இருந்தது. நான் அப்படி எழுதச் சொல்லவில்லையே? வாங்குபவர் அந்த ஒரு வரிக்காகத்தான் உங்கள் ஊரை எடுத்துக்கொண்டார். இந்த வாக்கு நிற்குமா?"

"நிற்கும், சார்."

"எப்படித் தெரியும்?"

"சொன்னவர் பாதித் தலையோடு நின்று சொன்னார்" என்று சொல்லியிருப்பேன். ஆங்கிலத்தில் எப்படி விளக்குவது? "எனக்குத் தெரியும்" என்று மட்டும் சொன்னேன்.

7

சொன்ன வாக்குக்கு முதல் சோதனை திங்கட்கிழமையே வந்தது. ஆர்டர் எழுத்தில் வந்தபிறகும் சின்ன முதலாளிக்கு நிம்மதி இல்லை. காலையில் இருந்தே என் மேசைப் பக்கம் வந்து வந்து போனார். "வேலை தொடங்கிவிட்டார்களா? ஈமெயிலில் ஏன் ஒன்றும் வரவில்லை?" என்று கேட்டார். ஊரில் ஒன்பது மணி வரை ராகு காலம். தறியில் புதுப் பாவு நூல் ஏற்றுவது தொடக்கம், தொடர்ச்சி இல்லை. மச்சான் அதில் அசையமாட்டார், அசையவும் வேண்டாம். இங்கே மணி பதினொன்றரை ஆகும்வரை பொறுங்கள் என்று சொன்னேன். நாற்காலியை இழுத்துப்போட்டு என் எதிரிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பதினொன்றரை தாண்டி மேசைப் போன் அடித்தது. எடுத்தேன். மச்சான் என்னவோ சொன்னார். ஒரு சொல்லும் விளங்கவில்லை. பின்னால் அவ்வளவு இரைச்சல். "கேக்குதா மாப்ளே? கேக்குதா?" என்று கத்துவது மட்டும் தெரிந்தது. அப்புறம் ரிசீவரைத் தறிப் பக்கம் நீட்டிவிட்டார் போலிருக்கிறது. தடக் தடக் தடக் என்று காது அடைத்தது. ஒரு தறி இல்லை. வரிசையாக எல்லாத் தறியும்.

ரிசீவரைச் சின்ன முதலாளியிடம் நீட்டினேன். அவர் காதில் வைத்துவிட்டுச் சட்டென்று விலக்கினார். மறுபடி வைத்துக்கொண்டார். கேட்டார், கேட்டுக்கொண்டே இருந்தார். நானும் அவசரப்படுத்தவில்லை.

"இவ்வளவு சத்தத்தில் இருக்கிற மனிதர் ஈமெயிலை எப்படிப் படிப்பார்?" என்றார் கடைசியில்.

"அவர் படிக்க வேண்டாம், சார்" என்றேன். "நான் படித்துச் சொல்வேன்."